ஒரு தாய் டெம்ப்ளேட், 12 விஎம்: கிளவுட்ஸ்டாக்கில் டெம்ப்ளேட்டிலிருந்து மெய்நிகர் கணினி உருவாக்க முழு வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் லினக்ஸ் வகுப்பு எடுக்கிறேன். 12 பேர் வருகிறார்கள். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள், பாலிடெக்னிக்கில் படிப்பவர்கள், செம்பனைத் தோட்டத்தில் காலை வேலையை முடித்துக் குளித்துவிட்டு மோட்டாரில் வரும் ஒரு தம்பி. எங்களிடம் இருப்பவை ஓர் அலுவலகம் கழித்துவிட்ட இரண்டு சர்வர்கள், நெட்வொர்க் வழியே டிஸ்க் இடம் தரும் ஒரு என்எஃப்எஸ் சேமிப்புப் பெட்டி, பிற்பகல் இடிமழைக்குப் பயந்து வாங்கிய ஒரு யூபிஎஸ். இவற்றின்மேல், மெய்நிகர் கணினிகளை உருவாக்கி நிர்வகிக்கும் அப்பாச்சி கிளவுட்ஸ்டாக் என்ற மென்பொருள் ஓடுகிறது. வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு மெய்நிகர் கணினி தயாராக இருக்க வேண்டும். அதை விஎம் என்றே சொல்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கிளவுட்ஸ்டாக் 2008-ல் விஎம்ஆப்ஸ் என்ற நிறுவனத்தில் தொடங்கியது. 2011-ல் சிட்ரிக்ஸ் அதை வாங்கியது, 2012-ல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. உரிமக் கட்டணம் எதுவும் இல்லை. எங்களைப் போன்ற இடத்துக்கு அது பெரிய விஷயம். லினக்ஸில் விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசரான கேவிஎம் மேல் கிளவுட்ஸ்டாக்கை ஏற்கெனவே நிறுவி, உள்ளே லாகின் செய்ய முடிகிறது என்று வைத்துக்கொண்டுதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. நிறுவுவது தனிக் கதை.

டெம்ப்ளேட் என்றால் என்ன

என் அப்பா ரப்பர்த் தோட்டத்து நர்சரியில் ஒட்டுக் கட்டியவர். விதையில் முளைத்த இளங்கன்றின் பட்டையை ஒரு சின்னக் கதவு போலக் கீறித் திறப்பார். நல்ல மரத்தின் குச்சியிலிருந்து எடுத்த மொட்டுப் பட்டையை அதற்குள் வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். மூன்று வாரம் கழித்துப் பிரிப்பார். மொட்டு பச்சையாக இருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. ஆர்ஆர்ஐஎம் 600 என்று ரப்பர் ரகத்தின் பெயரில் பலகை வைத்த காட்டில் நின்ற மரமெல்லாம் இப்படி ஒரே தாய்மரத்தின் நகல்தான். குச்சி எடுக்கும் மரத்தை அப்பா அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். அந்த மரத்தில் ஒரு குறை இருந்தால் காடு முழுக்க அதே குறை நிற்கும்.

டெம்ப்ளேட்டும் அந்தத் தாய்மரம்தான். இயங்குதளமும் தேவையான மென்பொருள்களும் அடங்கிய ஒரு டிஸ்க் இமேஜ். அதிலிருந்து எத்தனை விஎம் வேண்டுமானாலும் எடுக்கலாம். விஎம்மை உருவாக்குவது இரண்டு நிமிட வேலை. உங்கள் நேரமெல்லாம் டெம்ப்ளேட்டைச் சுத்தம் செய்வதில் போக வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. அது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

கிளவுட்ஸ்டாக் வைப்பதற்கு முன், உபுண்டு லினக்ஸை ஒரு முறை நிறுவி, அந்த டிஸ்க் கோப்பை அப்படியே நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தேன். முதலில் இரண்டை மட்டும் ஓட விட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "அக்கா, நான் செஞ்ச ஃபோல்டரக் காணோம்" என்றான் ஒரு தம்பி. போய்ப் பார்த்தால் இருந்தது. என் நாற்காலிக்குத் திரும்புவதற்குள், "மறுபடியும் காணோம் அக்கா" என்றான். பக்கத்தில் இருந்த பெண், "எனக்கு யாரோட ஃபோல்டரோ வருதே" என்றாள்.

இரண்டு விஎம்மும் ரவுட்டரிடம் ஒரே ஐபி முகவரியை வாங்கியிருந்தன. நெட்வொர்க் அட்டையின் அடையாளமான மேக் முகவரிகள் வேறுதான். ஆனால் இன்றைய உபுண்டு, ரவுட்டரிடம் முகவரி கேட்கும்போது தன் அடையாளமாகக் காட்டுவது மேக் முகவரியை அல்ல, மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து பிறக்கும் ஓர் எண்ணை. கோப்பு ஒன்று என்பதால் எண்ணும் ஒன்று. ரவுட்டருக்கு இரண்டும் ஒரே ஆள். அதைவிட மோசம், நெட்வொர்க் வழியே கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்சின் சாவிகளும் நகலாகிப் போயிருந்தன. வேறு கணினிக்குள் போகிறோம் என்று எச்சரிக்க வேண்டிய எஸ்எஸ்எச், சாவி பொருந்துகிறது என்று பேசாமல் உள்ளே விட்டது. கிளவுட்ஸ்டாக் இந்தச் சிக்கலில் பாதியைத் தானே தடுக்கும். மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

முதல் படி: தொடங்கும் முன் ஒரு பார்வை

"இன்ஃப்ராஸ்ட்ரக்சர்" மெனுவில் "சிஸ்டம் விஎம்ஸ்" பக்கத்தைத் திறங்கள். அங்கே இரண்டு இருக்கும்: செகண்டரி ஸ்டோரேஜ் விஎம், கன்சோல் ப்ராக்ஸி விஎம். இரண்டும் "ரன்னிங்" நிலையில், ஏஜென்ட் "அப்" என்று காட்ட வேண்டும். டெம்ப்ளேட்டைப் பதிவிறக்குவது முதலாவதன் வேலை, விஎம்மின் திரையை உலாவியில் காட்டுவது இரண்டாவதன் வேலை. முதலாவது படுத்திருந்தால் நீங்கள் என்ன பதிவு செய்தாலும் அது தயாராகாது. இதைப் பார்க்காமல் அரை நாள் வீணடித்தவர்கள் நிறையப் பேர்.

இரண்டாம் படி: மூல இமேஜைப் பதிவு செய்தல்

ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து உபுண்டுவை நிறுவி அதை டெம்ப்ளேட்டாக்கலாம். ஆனால் நான் அந்த வழியைச் சொல்வதில்லை. உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர் டிஸ்க்கை எல்விஎம் முறையில் பிரித்துவிடும், பிறகு டிஸ்க் தானாக விரியாது. அதோடு, விஎம் முதல்முறை எழும்போது பெயர், சாவி போன்றவற்றை அமைத்துக் கொடுக்கும் கிளவுட்-இனிட்டை முடக்கும் கோப்புகளையும் உள்ளே விட்டுவிட்டுப் போகும். அவற்றைத் தேடிப் பிடித்து அழிக்க வேண்டும். இதற்குப் பதிலாக, உபுண்டு வெளியிடும் கிளவுட் இமேஜை எடுங்கள். கோப்பின் பெயர் ஐஎம்ஜி என்று முடிந்தாலும் உள்ளே இருப்பது க்யூகவ்2 வடிவம்தான். கிளவுட்-இனிட் ஏற்கெனவே அதில் இருக்கும்.

"இமேஜஸ்" மெனுவில் "டெம்ப்ளேட்ஸ்" போய், "யூஆர்எல்லிலிருந்து பதிவு செய்" என்ற பொத்தானை அழுத்துங்கள். கேட்கும் விவரங்களில் சிலவற்றில் கவனம் வேண்டும்.

ஹைப்பர்வைசர் கேவிஎம், வடிவம் க்யூகவ்2. ஓஎஸ் வகையைக் கண்டிப்பாகச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பெயருக்கு ஒரு லேபிள் என்று நினைத்து "அதர்" என்று விட்டுவிடுவார்கள். கேவிஎம்மில் விர்ட்டியோ என்ற வேகமான டிஸ்க், நெட்வொர்க் சாதனங்களைக் கொடுப்பதா, பழைய சாதனங்களைப் போலப் பாவனை செய்யும் மெதுவான சாதனங்களைக் கொடுப்பதா என்று கிளவுட்ஸ்டாக் முடிவு செய்வது இந்த வகையை வைத்துத்தான். டிஸ்க் மிக மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

கோப்பு சரியாக இறங்கியதா என்று சோதிக்கும் செக்சம் கட்டத்தை நிரப்புங்கள். உபுண்டு தரும் ஷா-256 எண்ணை ஒட்டும்போது, முன்னால் நெளிவு அடைப்புக்குள் ஷா-256 என்று ஆங்கிலத்தில் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் அது எம்டி5 என்று எடுத்துக்கொண்டு, கோப்பு கெட்டுவிட்டது என்று சொல்லும். "பாஸ்வேர்ட் எனேபிள்ட்" தேவை என்றால் போடுங்கள். அது போட்டிருந்தால் ஒவ்வொரு விஎம்முக்கும் கிளவுட்ஸ்டாக் ஒரு கடவுச்சொல்லை உருவாக்கி ஒரே ஒரு முறை திரையில் காட்டும். அந்தக் கணம் போனால் போனதுதான், விஎம்மை நிறுத்திவிட்டு ரீசெட் செய்ய வேண்டும். "பப்ளிக்" இப்போது வேண்டாம், இது இன்னும் மூலப்பொருள்தான்.

எங்கள் ஊர் இணைய வேகத்தில், கோப்பை ஒரு முறை இறக்கி உள்ளூர் வெப் சர்வரில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் உள் நெட்வொர்க் முகவரியிலிருந்து இறக்க செகண்டரி ஸ்டோரேஜ் விஎம் இயல்பாகச் சம்மதிக்காது. "குளோபல் செட்டிங்ஸ்" பக்கத்தில் "அலவ்ட்.இன்டர்னல்.சைட்ஸ்" என்று முடியும் அமைப்பைத் தேடி, உங்கள் லேன் வரம்பைப் போடுங்கள். பிறகு மேனேஜ்மென்ட் சர்வரையும் செகண்டரி ஸ்டோரேஜ் விஎம்மையும் மறுதொடக்கம் செய்யுங்கள்.

டெம்ப்ளேட்டின் பக்கத்தில் "ரெடி" என்பதற்கு எதிரே "யெஸ்" வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: கம்ப்யூட் ஆஃபரிங்

ஒரு விஎம்முக்கு எத்தனை கோர், எவ்வளவு வேகம், எவ்வளவு நினைவகம் என்பதுதான் ஆஃபரிங். உடன் வரும் "ஸ்மால் இன்ஸ்டன்ஸ்" 500 மெகாஹெர்ட்ஸ், 512 எம்பி. உபுண்டு சர்வருக்கு அது போதாது. நான் 1 கோர், 1000 மெகாஹெர்ட்ஸ், 2 ஜிபி என்று ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறேன்.

இங்கே இரண்டு கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, ஆஃபரிங்கில் போடும் வேகம் ஹோஸ்டின், அதாவது விஎம்களைத் தாங்கும் சர்வரின், ஒரு கோர் வேகத்தைத் தாண்டக்கூடாது. 2.2 கிகாஹெர்ட்ஸ் சர்வரை வைத்துக்கொண்டு 2400 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டால், சர்வர் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் அந்த விஎம் எழவே எழாது. பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். இன்னொன்று, கிளஸ்டரின் (சேர்த்து வைத்த ஹோஸ்ட்களின்) சிபியூவோ நினைவகமோ 85 விழுக்காடு ஒதுக்கப்பட்டதும் கிளவுட்ஸ்டாக் புது விஎம்மை அங்கே வைப்பதை நிறுத்திவிடும். ஸ்டோரேஜுக்கும் அதே 85 விழுக்காடு எல்லைதான். 128 ஜிபி நினைவகம் இருந்தால் சுமார் 108 ஜிபி வரைதான் கணக்கு. சிஸ்டம் விஎம்களுக்கும் ரவுட்டருக்கும் அதில் பங்கு உண்டு. இன்னும் இடம் இருக்கிறதே, ஏன் முடியாது என்கிறது என்று குழம்புபவர்களுக்கு விடை இந்த எண்ணில்தான் இருக்கும். எல்லையை மாற்றலாம், ஆனால் அந்த 15 விழுக்காடுதான் ஹோஸ்ட் மூச்சுவிடும் இடம். நான் மாற்றவில்லை.

நான்காம் படி: நெட்வொர்க்

தனியாகக் கற்றுக்கொள்பவர் என்றால் "ஐசொலேட்டட்" நெட்வொர்க் போதும். முதல் விஎம்மை உருவாக்கும்போது கிளவுட்ஸ்டாக் அந்த நெட்வொர்க்குக்கென ஒரு வர்ச்சுவல் ரவுட்டரை எழுப்பும், அதுவும் ஒரு சின்ன விஎம்தான், அதனால் முதல் விஎம் மட்டும் சில நிமிடம் கூடுதலாக எடுக்கும். இதில் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. இயல்பான ஐசொலேட்டட் ஆஃபரிங்கில் வெளியே போகும் போக்குவரத்து மூடியிருக்கும். விஎம் எழும், ஐபி வரும், ஆனால் ஒரு மென்பொருள் பொதியைக்கூட இறக்க முடியாது. நெட்வொர்க்கின் பக்கத்தில் "எக்ரெஸ் ரூல்ஸ்" தாவலில் ஒரு விதி சேர்த்துத் திறந்துவிடுங்கள். வெளியிலிருந்து உள்ளே வர, பப்ளிக் ஐபியில் ஃபயர்வால் விதி ஒன்று, போர்ட் ஃபார்வர்டிங் ஒன்று, இரண்டும் வேண்டும்.

வகுப்புக்கு நான் "ஷேர்ட்" நெட்வொர்க் வைத்திருக்கிறேன். ஐசொலேட்டட் என்றால் ஒவ்வொரு மாணவர் கணக்குக்கும் ஒரு நெட்வொர்க், ஒரு ரவுட்டர் என்று 12 ரவுட்டர்கள் ஓடும். ஷேர்ட் நெட்வொர்க்கில் ஒன்றே போதும். ஆனால் அதைத் தனி விலேனில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்த லேனில், போடுங்கள். ஆய்வகத்து வைஃபை ரவுட்டர் இருக்கும் அதே லேனில் போட்டால், விஎம் முகவரி கேட்கும்போது வைஃபை ரவுட்டரும் முந்திக்கொண்டு பதில் சொல்லும். கிளவுட்ஸ்டாக் ஒரு முகவரியைக் காட்டும், விஎம் வேறொரு முகவரியோடு உட்கார்ந்திருக்கும்.

ஐந்தாம் படி: தாய் விஎம்

பதிவு செய்த மூல இமேஜிலிருந்து ஒரே ஒரு விஎம்மை எழுப்புங்கள். "கம்ப்யூட்" மெனுவில் "இன்ஸ்டன்ஸஸ்", "ஆட் இன்ஸ்டன்ஸ்". ஸோன், டெம்ப்ளேட், ஆஃபரிங், நெட்வொர்க், உங்கள் எஸ்எஸ்எச் சாவி. ரூட் டிஸ்க் அளவை 10 ஜிபி என்று கூட்டுங்கள். கிளவுட் இமேஜ் மிகச் சிறியது, அப்படியே விட்டால் முதல் அப்டேட்டிலேயே நிறைந்துவிடும். ரொம்பப் பெரிதாகவும் ஆக்க வேண்டாம். டெம்ப்ளேட்டின் அளவைவிடச் சின்ன டிஸ்க்கோடு பிறகு விஎம் எடுக்க முடியாது. கூட்டலாம், குறைக்க முடியாது.

உள்ளே போய் எல்லாப் பொதிகளையும் புதுப்பியுங்கள். நேர மண்டலத்தைக் கோலாலம்பூருக்கு வையுங்கள். க்யூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட்டையும், வகுப்புக்கு வேண்டிய கருவிகளையும் நிறுவுங்கள். எல்லாருக்கும் வேண்டியது மட்டும் இங்கே, ஒருவருக்கு மட்டும் வேண்டியது அவரவர் விஎம்மில். தாய்க்குள் திணித்ததெல்லாம் 12 இடத்திலும் புதுப்பிக்க வேண்டிய சுமையாக வரும். முடித்ததும் ஒரு முறை ரீபூட் செய்து, நல்லபடி எழுகிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: துடைத்தல்

இதை அவசரமில்லாத நேரத்தில் செய்யுங்கள். நான் வெள்ளிக்கிழமை இரவில் செய்வேன், வகுப்பு நாள் காலையில் தொடவே மாட்டேன்.

முதலில் கிளவுட்-இனிட்டின் நினைவை அழிக்க வேண்டும். ஒரு கணினி முதல்முறை எழும்போது மட்டும் செய்யும் வேலைகளை அது ஏற்கெனவே செய்துவிட்டதாகக் குறித்து வைத்திருக்கும். கிளவுட்-இனிட் கிளீன் கட்டளையை, லாக்ஸ் என்ற தேர்வோடு ரூட் உரிமையில் ஓட்டுங்கள். புதிய பதிப்புகளில் மெஷின்-ஐடி என்ற தேர்வும் உண்டு, அதையும் சேர்த்துவிடுங்கள். பழைய பதிப்பு என்றால், இடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடி கோப்பைக் கையால் காலி செய்யுங்கள். கோப்பை அழிக்காதீர்கள், வெறுமையாக்குங்கள். வெற்றுக் கோப்பைக் கண்டால் சிஸ்டம்டி அடுத்த தொடக்கத்தில் புது எண்ணை எழுதிக்கொள்ளும். அந்தத் தம்பியின் ஃபோல்டர் காணாமல் போனதற்கு மருந்து இந்த ஒரு கோப்புதான்.

அடுத்து எஸ்எஸ்எச். இடிசி அடைவின் எஸ்எஸ்எச் துணை அடைவில் ஹோஸ்ட் கீ என்று தொடங்கும் கோப்புகளை எல்லாம் நீக்குங்கள். கிளவுட்-இனிட் புது விஎம்மில் அவற்றைத் தானே மறுபடி உருவாக்கும். நீக்கிய பிறகு தாய் விஎம்மிலிருந்து வெளியே வராதீர்கள், திரும்ப உள்ளே போக முடியாமல் போகலாம். மீதி வேலையையும் அதே அமர்வில் முடியுங்கள்.

நெட்வொர்க் அமைப்பு. நெட்பிளான் அடைவில் கிளவுட்-இனிட் எழுதிய கோப்பில் தாய் விஎம்மின் மேக் முகவரி இருக்கும். அது அப்படியே நகலானால், புது விஎம்மின் அட்டை வேறு மேக்கோடு வந்து, பொருந்தாமல், நெட்வொர்க் இல்லாமல் நிற்கலாம். அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள். நீங்கள் கையால் நிலையான ஐபி ஏதாவது போட்டிருந்தால் அதையும் எடுங்கள்.

அப்புறம், உங்கள் சொந்தத் தடயங்கள். ஹோம் அடைவில் ஆத்தரைஸ்ட் கீஸ் கோப்பில் உங்கள் சாவி இருக்கும். அதை விட்டுவைத்தால் எல்லா மாணவர் கணினிக்குள்ளும் நீங்கள் நுழையலாம். அப்படி வேண்டும் என்றால் மாணவர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள், சொல்லாமல் வைக்காதீர்கள். கட்டளை வரலாற்றை அழியுங்கள், அதில் கடவுச்சொல் தட்டச்சாகியிருக்கக்கூடும். கிட் கணக்கு டோக்கன், வைஃபை கடவுச்சொல், டேட்டாபேஸ் கடவுச்சொல் எதுவும் டெம்ப்ளேட்டில் தங்கக்கூடாது. பதிவேட்டுக் (லாக்) கோப்புகளையும், இறக்கிய பொதிகளின் தற்காலிகச் சேமிப்பையும், டெம்ப் அடைவையும் காலி செய்யுங்கள்.

கடைசியாக விஎம்மை அணையுங்கள். ரீபூட் வேண்டாம், பவர் ஆஃப். இது முக்கியம். துடைத்த பிறகு ஒரு முறை எழுந்துவிட்டால் மெஷின்-ஐடி, சாவிகள் எல்லாம் மறுபடி முளைத்துவிடும், துடைத்தது வீண். என்னிடம் வகுப்பில் உதவிக்கு இருக்கும் தங்கை ஒரு முறை, "சரியா துடைச்சேனான்னு ஒருவாட்டி ஆன் பண்ணிப் பாத்தேன் அக்கா" என்றாள். ஆறாம் படியை முதலிலிருந்து மறுபடி செய்தோம்.

ஏழாம் படி: டெம்ப்ளேட் ஆக்குதல்

அணைந்த தாய் விஎம்மின் "வால்யூம்ஸ்" தாவலில் ரூட் வால்யூமைத் திறந்து, "கிரியேட் டெம்ப்ளேட்" அழுத்துங்கள். பெயரில் தேதி இருக்கட்டும்: உபுண்டு, பதிப்பு, ஆண்டு, மாதம். "புதுசு", "கடைசி", "நிஜமான கடைசி" என்று பெயர் வைத்த டெம்ப்ளேட் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன், மூன்று மாதத்தில் யாருக்கும் எது எது என்று தெரியாது. ஓஎஸ் வகையை மறுபடி சரிபாருங்கள். மாணவர் கணக்குகளுக்குத் தெரிய வேண்டும் என்றால் இப்போது "பப்ளிக்" போடலாம்.

தாய் விஎம்மை அழிக்காதீர்கள். அணைத்தே வைத்திருங்கள், அடுத்த முறை புதுப்பிக்க அதுதான் வேண்டும்.

எட்டாம் படி: முதலில் ஒன்று, பிறகு மற்றவை

புது டெம்ப்ளேட்டிலிருந்து ஒரே ஒரு விஎம் எடுத்துப் பாருங்கள். டெம்ப்ளேட்டுகளை வைக்கும் செகண்டரி ஸ்டோரேஜிலிருந்து, விஎம் டிஸ்க்குகள் இருக்கும் பிரைமரி ஸ்டோரேஜுக்கு டெம்ப்ளேட் முதல் முறை முழுதாக நகலாகும். அதனால் இது மெதுவாக இருக்கும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு வரும் விஎம்கள் அந்த நகலை அடித்தளமாக வைத்துக்கொண்டு, தங்கள் மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதும். இதனால்தான் இரண்டாவது விஎம் நொடிகளில் வருகிறது, 12 விஎம் இருந்தாலும் டிஸ்க் இடம் 12 மடங்கு போவதில்லை.

பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டும். எண்ணில் தொடங்கக்கூடாது, இடைக்கோட்டில் முடியக்கூடாது, 63 எழுத்துக்குள் இருக்க வேண்டும். விஎம்முக்குள் ஹோஸ்ட் பெயராகவும் இதுவே வரும். எங்களுடையவை லேப்-01 முதல் லேப்-12 வரை.

ஆளுக்கு ஆள் மாறுவதை, கிளவுட்-இனிட் படிக்கும் குறிப்பான யூசர் டேட்டாவில் கொடுங்கள். அதன் முதல் வரி ஹேஷ் குறியும் கிளவுட்-கான்ஃபிக் என்ற சொல்லும் சேர்ந்ததாக, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். அது தவறினால் கிளவுட்-இனிட் மீதியை கான்ஃபிக்காக எடுக்காது. இது யாமல் என்ற வடிவம் என்பதால் வரியின் முன்னிடைவெளியும் சரியாக இருக்க வேண்டும், டேப் போடக்கூடாது.

சாவியைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மாணவரும் தன் மடிக்கணினியிலேயே சாவி ஜோடியை உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் தன் கணக்கில் ஏற்றுவார். யாருடைய கணக்கில் விஎம் பிறக்கிறதோ, சாவியும் அதே கணக்கில் இருக்க வேண்டும். நிர்வாகி கணக்கில் எல்லாச் சாவியையும் ஏற்றிவிட்டு மாணவர் கணக்கில் விஎம் எழுப்பப் பார்த்தால் நடக்காது.

முதல் விஎம் ஒழுங்காக இருந்தால், மீதிப் பதினொன்றுக்கு கிளவுட்மங்கி என்ற கட்டளைக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஸோன், டெம்ப்ளேட், ஆஃபரிங், நெட்வொர்க் ஆகியவற்றின் அடையாள எண்களை ஒரு சின்ன ஷெல் நிரலில் போட்டு, பெயர், கணக்கு, சாவி மூன்றையும் மட்டும் மாற்றிச் சுழற்றினால் போதும். மூன்று மூன்றாக எழுப்புங்கள். சுழலும் வட்டு வைத்த சேமிப்புப் பெட்டியில் பதினொன்றும் ஒரே நேரத்தில் எழுந்தால், எல்லாமே நின்றுவிட்டது போல ஆகிவிடும்.

ஒன்பதாம் படி: பெரட்டு

தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்போம். எல்லாரும் வந்தாச்சா, யாருக்கு எந்த வேலை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்வது. விஎம்களுக்கும் ஒரு பெரட்டு வேண்டும். 12 விஎம்மிலும் ஹோஸ்ட் பெயர், ஐபி முகவரி, மெஷின்-ஐடி, எஸ்எஸ்எச் கைரேகை, ரூட் டிஸ்க் அளவு, நேரம் ஆகியவற்றை எடுத்து ஒரே பட்டியலில் வையுங்கள். முதல் நான்கில் எந்த இரண்டு வரியும் ஒன்றாக இருக்கக்கூடாது. மெஷின்-ஐடி ஒன்றாக இருந்தால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள், விஎம்மை ஒவ்வொன்றாகத் திருத்த உட்காராதீர்கள். விஎம் எடுக்கும்போது 10 ஜிபிக்கு மேல் ரூட் டிஸ்க் கொடுத்திருந்தும், அது விரியாமல் 10 ஜிபியிலேயே நின்றால் கிளவுட்-இனிட் ஓடவில்லை என்று அர்த்தம்.

வரவில்லை என்றால்

இடம் போதவில்லை என்ற பிழை வந்தால் மூன்றாம் படியின் இரண்டு கணக்குகளையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விடை. திரையில் வரும் பிழைச் செய்தி பொதுவானதாகவே இருக்கும். உண்மைக் காரணம் மேனேஜ்மென்ட் சர்வரின் பதிவேட்டில் இருக்கும். வேலைக்குரிய ஜாப் எண்ணைத் தேடி, அந்த எண் வரும் வரிகளை மட்டும் மேலிருந்து படியுங்கள். எந்த ஹோஸ்டை ஏன் விலக்கியது என்று வரிசையாகச் சொல்லியிருக்கும். ஹோஸ்டைத் தேர்ந்தெடுத்த பிறகு விழுந்தால், அந்த ஹோஸ்டில் உள்ள ஏஜென்ட் பதிவேட்டைப் பாருங்கள்.

விஎம் எழுந்தும் கடவுச்சொல்லோ சாவியோ வேலை செய்யவில்லை என்றால், அவற்றை விஎம்முக்குக் கொண்டுசேர்ப்பது வர்ச்சுவல் ரவுட்டர் என்பதை நினைவில் வையுங்கள். ரவுட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ரவுட்டரே இல்லாத எல்2 வகை நெட்வொர்க் என்றால், கான்ஃபிக் டிரைவ் உள்ள நெட்வொர்க் ஆஃபரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விஎம்களை அழித்தும் இடம் திரும்பவில்லை என்று கேட்பார்கள். அழித்த விஎம்மை கிளவுட்ஸ்டாக் இயல்பாக 24 மணி நேரம் வைத்திருக்கும், கை தவறி அழித்தவர் மீட்டுக்கொள்ள. உடனே வேண்டும் என்றால் அழிக்கும்போதே "எக்ஸ்பஞ்ச்" தேர்வைப் போடுங்கள். மாணவர் கணக்குகளுக்கு நான் அந்த உரிமையைக் கொடுப்பதில்லை.

வகுப்பு ஓடத் தொடங்கிய பிறகு

யாராவது ஒருவர் ரூட் உரிமையில் ஏதாவது செய்து கணினியைக் கவிழ்ப்பார். கவிழ்க்கத்தான் வேண்டும், அதற்குத்தான் இந்த ஆய்வகம். அப்போது விஎம்மின் பக்கத்தில் "ரீஇன்ஸ்டால்" பொத்தானை அழுத்துங்கள். ரூட் டிஸ்க் டெம்ப்ளேட்டின் நிலைக்குத் திரும்பும். ஐபி மாறாது, தனியாகச் சேர்த்த டேட்டா டிஸ்க்கும் அப்படியே இருக்கும். அதனால் ஒவ்வொருவருக்கும் 5 ஜிபி டேட்டா டிஸ்க் ஒன்று கொடுத்து, செய்முறைப் பயிற்சிகளை அதில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எஸ்எஸ்எச் கைரேகை மட்டும் மாறும். மாணவரின் மடிக்கணினி எச்சரிக்கை காட்டும், அது ஏன் என்று அங்கேயே விளக்கிவிடுங்கள். எஸ்எஸ்எச் பற்றிய நல்ல பாடம் அந்த இடத்தில்தான் கிடைக்கிறது.

மாதம் ஒரு முறை தாய் விஎம்மை எழுப்பி, புதுப்பித்து, ஆறாம் படியை முழுதாகச் செய்து, புதுத் தேதியில் டெம்ப்ளேட் எடுங்கள். ஏற்கெனவே ஓடும் விஎம்கள் இதனால் மாறாது. நட்ட மரம் நட்டதுதான், அவற்றை உள்ளே போய்த் தனியாகப் புதுப்பிக்க வேண்டும், அல்லது புது டெம்ப்ளேட்டிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். பழைய டெம்ப்ளேட்டை அழிக்கும் முன், அதிலிருந்து பிறந்த விஎம் ஏதாவது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிளவுட்ஸ்டாக் கட்டாயத் தேர்வு கேட்கும், அதைப் போட்டு அழிக்காதீர்கள். அந்த மாணவரின் "ரீஇன்ஸ்டால்" பொத்தானுக்கு அந்த டெம்ப்ளேட் இன்னும் வேண்டும். நான் எப்போதும் இரண்டை வைத்திருக்கிறேன்: இந்த மாதத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று.